குளத்தில் எரிந்த பெயர்

அந்தப் பெயர்கள் பச்சை நிறத்தில்தான் எரிந்தனவா என்பதில் எனக்கு இப்போது உறுதியில்லை. சித்தப்பா நீலம் என்கிறார். பெயர் கறுப்பில்தான் இருக்கும், பக்கத்தில் ஒரு புள்ளி மட்டும் பச்சை என்கிறான் அண்ணன். என் நினைவில் முழுப் பெயரும் பச்சை. நினைவு எதையும் சும்மா வைத்திருப்பதில்லை. எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் கொஞ்சம் துடைக்கிறது, கொஞ்சம் பூசுகிறது. அதனால் நான் சொல்வதில் நிறத்தை நம்ப வேண்டாம். மற்றது நடந்தது.

அண்ணன் அப்போது எங்கள் வீட்டுப் பின்னறையில் மூன்று கம்ப்யூட்டர்களை ஓட்டிக்கொண்டிருந்தான். பிட்காயின் என்ற சொல்லையே எங்கள் தெருவில் யாரும் கேள்விப்படாத காலம். மைனிங் என்று அவன் தோண்டியது அதுகூட இல்லை. அதற்குத் தம்பி முறையான வேறோர் இணையக் காசு. கம்ப்யூட்டர் ஓயாமல் ஓர் எண்ணை ஊகித்துக்கொண்டே இருக்க வேண்டும். யாருடைய ஊகம் முதலில் பலிக்கிறதோ அவருக்குக் காசு. வீட்டுக் கம்ப்யூட்டர் தனியாக ஊகித்துக்கொண்டிருந்தால் ஆயுசு முடிந்துவிடும். அதனால் பலர் சேர்ந்து ஊகிப்பார்கள். யாருக்குப் பலித்தாலும், உழைத்த அளவுக்கு எல்லாருக்கும் பங்கு உண்டு. பலிக்காத ஊகத்துக்கும் அங்கே மதிப்பு இருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. அந்தக் கூட்டுக்குக் குளம் என்று பெயர். அதன் ஆங்கிலப் பெயரை அம்மா முன்னால் சொல்லக் கூச்சப்பட்டு அண்ணன் வைத்த பெயர் அது. பிறகு எல்லாரும் அப்படியே சொன்னார்கள்.

குளத்தை நடத்தியவர் கடைத்தெருவில் இருந்த மருந்துக்கடைக்காரர். கடைக்குப் பின்னால், இருமல் மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே, அதற்கென்று ஒரு கம்ப்யூட்டர் வைத்திருந்தார். அதிலிருந்து, இணையத்தில் யாரும் திறந்து பார்க்கக்கூடிய ஒரு பக்கம். இடது புறம் குளத்தில் இருப்பவர்களின் பெயர்கள். கம்ப்யூட்டர் வேலை செய்துகொண்டிருந்தால் பெயர் எரியும், நின்றுவிட்டால் சாம்பல் நிறமாகிவிடும். வலது புறம் பேசிக்கொள்ள ஓர் இடம். பெரிய பேச்சு ஒன்றும் இருக்காது. வீட்டு ஃபியூஸ் தாங்காது என்பதால் இஸ்திரிப் பெட்டி போடும்போது கம்ப்யூட்டரை நிறுத்த வேண்டும். நிறுத்துவதற்கு முன் சொல்லிவிட்டு நிறுத்துவதுதான் அந்தக் குளத்தின் ஒரே மரியாதை. ‘துணி தேய்க்கிறேன், கொஞ்ச நேரம் இருக்க மாட்டேன்’ என்று தையல்கார அக்கா எழுதுவார். ‘மாமியார் வந்திருக்கிறார், ஃபேன் சத்தம் ஆகாதாம்’ என்று இன்னொருவர். ‘மாமியாரை நிறுத்த முடியாதா?’ என்று அதற்குக் கீழே மருந்துக்கடைக்காரர். அண்ணன் அங்கே ‘பெரியவன்’. குளிர்பெட்டி பழுது பார்க்கும் சித்தப்பா ‘ஐஸ்பெட்டி’.

எங்கள் அப்பா வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரில் ரீடிங் எடுப்பவர். அவர் பொறுப்பில் இருந்த தெருக்களிலேயே அதிக மின்சாரம் எரித்த வீடு எங்களுடையது. வேலையிடத்தில் சும்மா விடுவார்களா? “என்ன சார், வீட்ல மாவு மில்லு வச்சிருக்கீங்களா?” என்று கேட்டார்களாம். அப்பா அதை வீட்டில் வந்து சொல்லவில்லை. பேசாமல் இருப்பதில் எங்கள் அப்பாவை மிஞ்ச ஆளில்லை. அண்ணனும் அப்படியே. இரண்டு பேரும் ஒரே சோபாவில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் மாலை முழுவதையும் கடத்துவார்கள். அது சண்டை இல்லை. அதுதான் அவர்களுடைய சமாதானம்.

சண்டை வேறு மாதிரி வந்தது. இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் பார்த்துவந்த வேலையை அண்ணன் விட்டுவிட்டான் என்பது அப்பாவுக்கு ஏதோ ஒரு வீட்டு மீட்டர் பெட்டிக்கு முன்னால் நின்றபோது, அந்த வீட்டுக்காரர் வாயால் தெரிந்தது.

“மூணு மிஷின் இந்த வீட்ல வேலைக்குப் போகுது,” என்றார் அப்பா, சாப்பிட உட்கார்ந்தபடியே. “நீதான் போகல.”

“போய் என்னப்பா கிழிச்சேன் அங்க?”

“கிழிக்க வேண்டாம். போறேன்னு சொல்லிட்டுப் போற மாதிரி, போகலைன்னு சொல்லியிருக்கலாம்ல.”

“சொன்னா நீங்க பேசவா போறீங்க?”

அவ்வளவுதான். மூன்றாவது ஆள் கேட்டால் இதில் என்ன இருக்கிறது என்பார். ஆனால் அண்ணன் தட்டைத் தள்ளிவைத்து எழுந்தான். அன்று சாயங்காலமே இரண்டு கம்ப்யூட்டர்களைக் கட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டான். பழையது ஒன்றை விட்டுப்போனான். கொஞ்ச நாளில் போன் எண்ணையும் மாற்றிவிட்டான். ஊரின் மறுகோடியில் ஒரு பேக்கரிக்கு மேலே அறை எடுத்திருக்கிறான் என்று மருந்துக்கடைக்காரர் மூலம் தெரியவந்தது. “சாப்பாட்டுல கோவிச்சுக்கிட்டுப் போனவன், அவனா வரட்டும்,” என்றாள் அம்மா. சொல்லிவிட்டு அவன் தட்டைத் தனியாகக் கழுவி வைத்தாள்.

அது மழைக்காலம். துணி காயவில்லை. கம்ப்யூட்டர்கள் ஓடியபோது பின்னறை அடுப்பங்கரை மாதிரி சூடாக இருக்கும். அம்மா அங்கேதான் கொடி கட்டித் துணி உலர்த்துவாள். இப்போது அறை ஈரம் பூத்துக் கிடந்தது.

“அந்தப் பழச ஓட்டிவிடேன்,” என்று சித்தப்பாவிடம் கேட்டாள். “காசு வந்தா வருது, வராட்டிப் போகுது. துணி காயட்டும்.”

“அண்ணி, உலகத்துலயே டவல் காயவைக்க மைனிங் பண்ற ஆள் நீங்கதான்,” என்றார் சித்தப்பா. அண்ணனுடைய பழைய அமைப்புக் கோப்பு அந்தக் கம்ப்யூட்டரிலேயே இருந்தது. அதை அப்படியே ஓடவிட்டார். ஓடிற்று. ஓடுகிற எதையும் திறந்து பார்க்கக் கூடாது என்பது அவருடைய தொழில் பாடம். குளிர்பெட்டிகளில் அது அவரைப் பலமுறை காப்பாற்றியிருக்கிறது. அப்பாவும் தடுக்கவில்லை. ஈரத் துணியில் அவர் சட்டைகளும் இருந்தன.

அப்பா தினமும் குளத்தைப் பார்க்கிறார் என்பது எனக்கு அப்போது தெரியாது. சித்தப்பா பிறகு சொன்னார். அண்ணன் போன சில வாரங்களில் அவர் அப்பாவின் அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்த கம்ப்யூட்டரில் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டியிருக்கிறார்.

“அண்ணே, இங்க பாருங்க. பெரியவன். எரியுது பாத்தீங்களா? பையன் நல்லாத்தான் இருக்கான். கரன்ட் கட்டுறான், நெட் கட்டுறான், மிஷின் ஓட்டுறான். வேற என்ன வேணும் உங்களுக்கு?”

அன்றிலிருந்து அப்பா, எடுத்து வந்த ரீடிங்குகளைப் பதிந்து முடித்ததும், அந்தப் பக்கத்தைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவாராம். அண்ணன் அந்தப் பேச்சுப் பகுதியில் எதுவும் எழுதுவதில்லை. அதில் அப்பாவுக்குச் சந்தேகமே வரவில்லை. பேசாமல் எரிந்துகொண்டிருப்பது அவருக்குத் தெரிந்த மகன்தான்.

இப்போது யோசித்தால், அந்த மாதங்களில் அப்பா சாந்தமாக இருந்தார். வீட்டுக்குள் வரும்போது செருப்பை ஓசையில்லாமல் கழற்றுவார். அம்மாவிடம் துணி காய்ந்ததா என்று கேட்பார். மகனுக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்தவரின் நடமாட்டம் அது. நான் அதைக் கல்மனசு என்று எண்ணியிருந்தேன்.

மழை விட்டதும் அம்மா பின்னறைக்கு வெள்ளையடிக்க ஆள் கூப்பிட்டாள். கம்ப்யூட்டரின் வயரைப் பிடுங்கி, மேலே ஒரு போர்வையைப் போர்த்தினார்கள். பெயின்டர் ஒரு சுவரை அடித்துவிட்டு, சொந்தக்காரர் கல்யாணம் என்று போனவர் திரும்பி வரவில்லை. கம்ப்யூட்டர் போர்வைக்குள் கிடந்தது.

அந்த வாரத்தில் அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. சித்தப்பாவுக்கு இரண்டு தடவை போன் செய்தார்.

“நெட் போயிருக்கும்ணே,” என்று சித்தப்பா சொல்வது எனக்கே கேட்டது.

“சொல்லாம நிறுத்த மாட்டாங்களே அங்க,” என்றார் அப்பா. “தையக்கார அம்மாவே சொல்லிட்டுத்தானே நிறுத்துது.”

அடுத்த நாள் காலையில் ரீடிங் எடுக்கப் போகவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு என் அறை வாசலில் நின்றார்.

“வாம்மா, உங்க அண்ணன் வீடு வரைக்கும் போயிட்டு வரலாம்.”

பேருந்தில் அவர் சீட்டின் நுனியிலேயே உட்கார்ந்திருந்தார். கடைசி நிறுத்தம் வருவதற்கு வெகு முன்பே எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார். அதைப் பார்த்த பிறகுதான், அவர் எதற்குப் பயந்து போகிறார் என்பது எனக்குப் புரிந்தது. பேக்கரிப் படிகளில் என்னை விட வேகமாக ஏறினார். கதவைத் தட்டவில்லை, உள்ளங்கையால் தள்ளினார்.

அண்ணன் தலை துவட்டிக்கொண்டிருந்தான். பேக்கரியின் வண்டி ஓட்டுபவர்கள் போடும் சட்டை நாற்காலியில் தொங்கிக்கொண்டிருந்தது. முன்பை விடக் கொஞ்சம் சதை போட்டிருந்தான்.

“என்னப்பா? அம்மாவுக்கு ஏதாவது...”

அப்பா அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். நெடுநேரம் மூச்சு வாங்கினார்.

“உன் பேரு எரியல,” என்றார்.

“எந்தப் பேரு?”

“குளத்துல.”

அண்ணனுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. “நான் மிஷின வித்து எவ்ளோ நாளாச்சு. வந்த புதுசுலயே வித்துட்டேன்ப்பா. இந்த ரூமுக்கு ஒரு பல்பு எரியறதே பெருசு.”

“அப்ப தினம் எரிஞ்சது யாரு?”

அண்ணன் என்னைப் பார்த்தான். “குட்டி, பின்னறைல அந்தப் பழசு ஓடுதா?”

“ஓடிச்சு. துணி காயறதுக்காக. பெயின்ட் அடிக்கணும்னு அம்மா நிறுத்திட்டாங்க.”

“யாரு செட் பண்ணது?”

“சித்தப்பா.”

“அதுல இருந்த என் பேர மாத்தலையா அந்த மனுஷன்?” அண்ணன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான். “அப்பா, நீங்க பாத்துட்டு இருந்தது நம்ம வீட்டுத் துணிக்கொடிய.”

நானும் சிரித்துவிட்டேன். அப்பா சிரிக்கவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். கீழே பேக்கரியில் தட்டுகளை அடுக்கும் சத்தம் கேட்டது. எங்கள் சிரிப்பு தானாக அடங்கியது.

“பூட்டின வீட்டுக்கு ரீடிங் எழுதறவன் உண்டு எங்க ஆபீஸ்ல,” என்றார் அப்பா. “கதவத் தட்டக்கூட மாட்டான். போன தடவ என்னவோ அதையே கொஞ்சம் கூட்டிப் போட்டுட்டு அடுத்த வீட்டுக்குப் போயிடுவான். அவன நான் எவ்வளவு கேவலமா பேசியிருக்கேன் தெரியுமா?”

அண்ணன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டான்.

“உனக்கு இங்க ஒண்ணு ஆகியிருந்தாலும் அது எரிஞ்சுட்டேதானே இருந்திருக்கும்,” என்றார் அப்பா. “நானும் பாத்துட்டு, சரின்னு வீட்டுக்குப் போயிருப்பேன்.”

அதன் பிறகு மூவரும் பேசவில்லை. எத்தனை நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. இவர்கள் இருவருக்கும் நடுவே நான் எத்தனையோ மௌனங்களில் உட்கார்ந்திருக்கிறேன். இது அவற்றில் ஒன்று இல்லை. இருவருமே எதையோ சொல்ல முயன்றுகொண்டிருந்த மௌனம். கடைசியில் அண்ணன்தான் பேசினான்.

“வேலைய விட்டத நான் உங்ககிட்ட சொல்லியிருக்கணும்ப்பா. பயமா இருந்துச்சு.”

“என்கிட்டயா?”

“நீங்க ஒண்ணுமே சொல்லாம எழுந்து போயிடுவீங்களோன்னு.”

அப்பா தலையாட்டினார். எழுந்து போகவில்லை. அண்ணன் கீழே போய் டீயும் சூடான ரொட்டியும் வாங்கி வந்தான். அப்பா ரொட்டியைப் பிட்டுக்கொண்டே சுவரைப் பார்த்தார்.

“அந்த ஸ்விட்ச் போர்டு லூசா இருக்கு. ஷாக் அடிக்கும்.”

“வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டேன். காதுல வாங்க மாட்டேங்கறார்.”

“ஞாயித்துக்கிழம வரேன். ஸ்க்ரூ டிரைவர் இருக்கா, எடுத்துட்டு வரணுமா?”

“எடுத்துட்டு வாங்க.”

கிளம்பும்போது அண்ணன் என்னிடம், “சித்தப்பாகிட்ட அந்தப் பேர அப்படியே விடச் சொல்லு. இருந்துட்டுப் போகட்டும்,” என்றான்.

“மாத்தச் சொல்லு,” என்றார் அப்பா. படியில் ஒரு கால் வைத்திருந்தார். “இவன் எப்படி இருக்கான்னு நான் நேர்ல வந்து பாத்துக்கறேன்.”

அன்று சாயங்காலம் சித்தப்பா வந்து பெயரை மாற்றினார். என்ன பெயர் போடுவது என்று கேட்டபோது அம்மா யோசிக்காமல் ‘டவல்’ என்றாள். மறுநாள் மருந்துக்கடைக்காரர், ‘குளத்துக்குப் புதிதாக டவல் வந்திருக்கிறது, எல்லாரும் துடைத்துக்கொள்ளலாம்’ என்று எழுதினார். அண்ணனுடைய பெயர் சில வாரங்கள் சாம்பல் நிறத்தில் இருந்து, பிறகு பட்டியலிலிருந்து தானாக உதிர்ந்தது. அதற்காக யாரும் பதறவில்லை.

இதற்கென்றே செய்த இயந்திரங்கள் சந்தைக்கு வந்ததும் வீட்டுக் கம்ப்யூட்டர்களின் காலம் முடிந்தது. மருந்துக்கடைக்காரர் குளத்தை மூடினார். கடையை இப்போது அவர் மகள் நடத்துகிறாள். தையல்கார அக்கா வேறு ஊருக்குப் போய்விட்டார், தொடர்பில்லை. காசுகளை எல்லாரும் விலை ஏறுவதற்கு முன்பே விற்றுவிட்டோம். சித்தப்பா இன்னும் குளிர்பெட்டி பழுது பார்க்கிறார். அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வரவில்லை; அந்தப் பேக்கரியிலேயே பங்குதாரர் ஆனான், மணமாகி இரண்டு பெண்கள். அப்பா ஓய்வு பெற்ற பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். போன வருடம் இறந்தார். அம்மா என்னோடு இருக்கிறாள். நான் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை செய்கிறேன்.