பிப்ரவரியில் எழுதிய ஐந்து நட்சத்திரம்

கவலையில்லாமல் கண்ணை மூடித் தூங்கும் ஒரு ராத்திரிக்கு அந்தக் கடற்கரைப் பக்கத்தில் விலை இருபத்திரண்டு யூரோ. மின்சாரம் வேண்டுமென்றால் நான்கு யூரோ கூடுதல். விலையைச் சொன்னவள் எங்கார்னா. மேட்டின்மேல், வீடாகவே அமைத்த வேன்கள் தங்கும் முகாமை நடத்துகிறவள். கேட்டவர் வீபே.

"பதினாலு," என்றார் வீபே, வேனின் கண்ணாடியை முழுதாகக்கூட இறக்காமல்.

"ராசா, பதினாலுக்கு என் முகாமோட வாசலைப் பாக்கலாம். இப்போ பாத்துக்கிட்டுத்தானே இருக்கீங்க, காசு கேட்டேனா?"

"பதினஞ்சு. கரண்ட் வேணாம், உங்க குளியலறையும் வேணாம். நாலு சக்கரம் நிக்கிற இடம் போதும்."

"தூக்கம்?"

"அதை நானே கொண்டு வந்திருக்கேன்."

எங்கார்னா வாய்விட்டுச் சிரித்தாள். நல்ல பேரக்காரன் கிடைத்தால் அவளுக்குச் சாப்பிட்ட திருப்தி. ஆனால் வீபே வேனைத் திருப்ப ஆரம்பித்ததும் அவள் முகம் மாறியது. "கீழே ரம்ப்லாவுக்கா போறீங்க? செப்டம்பர்ல அங்கே நாங்க ஆட்டைக்கூட மேய விடமாட்டோம்."

"பாத்தியா தீனெக்கே," என்றார் வீபே, சாலைக்கு வந்தபிறகு. "விலை படியலைன்னதும் பூச்சாண்டி காட்டுறா."

பக்கத்து இருக்கையில் இருந்த அவர் மனைவி தீனெக்கே கைப்பேசியில் வழி பார்த்துக்கொண்டிருந்தாள். ரம்ப்லாவைத் தேர்ந்தெடுத்தவளே அவள்தான், பிப்ரவரிப் பயணத்தில் தங்கிப் பார்த்த இடம். வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பி முப்பத்தொரு ராத்திரி ஆகியிருந்தது. போர்ச்சுகல் போய்க் குளிர்காலம் முழுக்க அங்கே இருப்பதாகத் திட்டம். வேனை ஓட்டுவது வீபே, இரவு எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்வது தீனெக்கே. இடம் தேடும் செயலியில் அவள் எழுதிய குறிப்புகள் நானூற்றுப் பன்னிரண்டு. வடக்கே நார்வேயிலிருந்து தெற்கே சிசிலிவரை, தீனெக்கே நட்சத்திரம் போட்ட இடமென்றால் வேன்காரர்கள் கேள்வி கேட்காமல் போய் நிற்பார்கள்.

ரம்ப்லா என்பது வறண்ட காட்டாற்றுப் படுகை. நூறு மீட்டர் அகலம், பலகைபோல் சமமான சரளை, இருபுறமும் அரளிப் புதர், கடைசியில் கடல். அங்கே ஏற்கெனவே ஐந்து வேன்கள் வரிசையாக நின்றன.

வேன்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஆளில்லாத இடத்தில் தனியாக நிறுத்தமாட்டார்கள். ஒரு வேன் நின்றால் பக்கத்தில் போய் நிற்பார்கள். முதலில் வந்தவனுக்கு விவரம் தெரிந்திருக்கும் என்பது இரண்டாமவன் நினைப்பு. இரண்டாமவனும் வந்துவிட்டான், ஆகவே இடம் நல்ல இடம்தான் என்பது முதலாமவன் நினைப்பு. இப்படி ஒருவரையொருவர் சாட்சி வைத்துக்கொண்டு எல்லோரும் சுகமாகத் தூங்குவார்கள்.

கடைசி வேனிலிருந்து ஒரு ஜெர்மானியர் இறங்கி வந்தார். பெயர் ஈவால்ட். தனி ஆள். காலடியில் மோர்லி என்ற கறுப்பு நாய்.

"நீங்க... அந்தத் தீனெக்கேயா?" அவர் கையைக் குலுக்கிய வேகத்தில் அவளுடைய மூக்குக்கண்ணாடி நழுவியது. "மேடம், நாங்க அத்தனை பேரும் உங்க குறிப்பைப் படிச்சுட்டுத்தான் இங்கே வந்தோம்! ஒரு நல்ல பாட்டில் வெச்சிருக்கேன். இன்னைக்குத் தொறந்துட வேண்டியதுதான்."

தீனெக்கேவுக்குக் கன்னம் சூடானது. பெருமைதான். அந்தப் பெருமையோடு யூக்கலிப்டஸ் மர நிழலில் நாற்காலியைப் போட்டவள், அண்ணாந்து பார்த்தாள். வேனின் கூரைக்கும் மேலே, கிளைக் கவட்டையில், காய்ந்த நாணல் கற்றை கற்றையாகச் சிக்கியிருந்தது. நாணலுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் கால்.

"வீபே, அது எப்படி அங்கே போச்சு?"

"காத்து."

"காத்து நாற்காலியைத் தூக்கிட்டுப் போய் மரத்துல செருகுமா?"

"பொண்டாட்டி தொல்லை தாங்காம எவனாவது வீசியிருப்பான்." வீபே மேசையை விரித்தார். "மேகம் ஒண்ணுகூட இல்ல. முப்பத்தெட்டு வருஷம் தண்ணியோட வேலை பார்த்தவன்கிட்ட தண்ணியைப் பத்திப் பேசாதே."

அதுவும் உண்மை. இருவரும் நெதர்லாந்தின் வடகோடியில், கடல்மட்டத்துக்கு இரண்டு மீட்டர் கீழே பிறந்தவர்கள். வீபே அங்கே கரைகளையும் மதகுகளையும் காக்கும் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய ஊரில் தண்ணீர் சென்டிமீட்டர் கணக்கில் ஏறும், ஏறுவதற்கு முந்தின நாளே அறிவிப்பு வரும். அவரைக் கேட்காமல் தண்ணீர் எங்கும் போகாது என்றே அவர் நினைப்பு. தண்ணீரே இல்லாத ஆற்றை அவர் ஆறு என்று ஒப்புக்கொள்ளவில்லை.

ஏழரை மணிக்கு, வெயில் மஞ்சளாகும் நேரத்தில், கரைமேல் ஒரு பழைய கார் வந்து நின்றது. எங்கார்னா. கீழே இறங்கும் பாதை நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் அவள் அதில் ஒரு சக்கரத்தைக்கூட வைக்கவில்லை. விளிம்பில் நின்று கத்தினாள்.

"மலைக்கு அந்தாண்ட என் தம்பி இருக்கான்! மூணு மணியிலேர்ந்து அங்கே மழை கொட்டுதாம்! எல்லாரும் மேல வாங்க!"

வீபே எழுந்து கைகளை வாயைச் சுற்றிக் குவித்துக்கொண்டார். "இப்போ எவ்வளவு?"

"ஒண்ணும் வேணாம்! சும்மா வாங்க!"

வீபே தொடையைத் தட்டிச் சிரித்தார். "கேட்டியா? இருபத்திரண்டு பூஜ்யமாயிடுச்சு! இன்னும் அரை மணி பொறுத்தா நமக்கு அவ காசு குடுப்பா."

தீனெக்கே சிரிக்கவில்லை. அவள் அப்பா சந்தைக்குச் சந்தை பாலாடைக்கட்டி விற்றவர். அவள் வளர்ந்ததே தராசுக்குப் பக்கத்தில். விற்பவர்கள் விலையை எப்படி இறக்குவார்கள் என்பது அவளுக்கு அத்துப்படி. இருபத்திரண்டு, ஒரு பெருமூச்சு, இருபது, பிள்ளைகள்மேல் ஒரு சத்தியம், பதினெட்டு. வியாபாரி படிப்படியாகத்தான் இறங்குவான். ஒரே தாவலில் பூஜ்யத்துக்கு வந்தவள் இப்போது எதையும் விற்கவில்லை.

அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள். அத்தனை பேரும் இங்கே நிற்பது அவள் வார்த்தையை நம்பி.

முதல் வேனின் கதவைத் தட்டினாள். பிரெஞ்சுத் தம்பதி. விஷயத்தைச் சொன்னாள். கணவன் கைப்பேசியை எடுத்து அவளுக்கே படித்துக் காட்டினான். "'சமதளம். பூரண அமைதி. கீழே சரளை, சேறு கிடையாது. குழந்தை மாதிரி தூங்கினோம். ஐந்து நட்சத்திரம்.' மேடம், இது நீங்க எழுதினதுதானே?"

"பிப்ரவரியில எழுதினேன். இது செப்டம்பர்."

"நட்சத்திரத்துக்கு மாசம் உண்டா?"

இரண்டாவது வேனில் தேநீர் கொடுத்தார்கள். மூன்றாவதில் அவளோடு படம் எடுத்துக்கொண்டார்கள். நான்காவதில், "வானத்தைப் பாருங்கம்மா," என்றார்கள். அவள் வாய் சொன்னதை அவள் கை எழுதியது பொய்யாக்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது, இவர்கள் பேச்சுக்கு நகரமாட்டார்கள் என்று. வேன் வந்தால் வருவார்கள், வேன் போனால் போவார்கள். திரும்பிப் போய் ஓட்டுநர் இருக்கையில் ஏறி சாவியைத் திருகினாள்.

"ஏய்! என் மேசை!" வீபே ஓடி வந்தார்.

"ஏறுறியா, இல்ல மேசையோட இருக்கியா?"

"பைத்தியம் புடிச்சிருக்கா உனக்கு? அந்தப் பொம்பள ஜெயிச்சுட்டா, தெரியுதா!"

"ஜெயிக்கட்டும். ஏறு."

ஏறினார். நாற்பத்து நான்கு வருட மணவாழ்க்கையில் அவள் அந்தக் குரலில் பேசியது மூன்று முறைதான்.

ஒலிப்பானை அமுக்கியபடியே அவள் வரிசையைக் கடந்தாள். பெயர்பெற்ற தீனெக்கே கிளம்புகிறாள் என்றதும் பிரெஞ்சுக்காரன் நாற்காலியை மடித்தான். அவன் மடித்ததைப் பார்த்து அடுத்தவன். கண்ணெதிரே நான்கு வேன்கள் உயிர்பெற்றன.

ஈவால்ட் மட்டும் கோப்பையைக் காட்டினார். பாட்டில் பாதி காலி. "ரெண்டு கோப்பை குடிச்சாச்சு மேடம். குடிச்சுட்டு நான் வண்டியைத் தொடறதில்ல. நாப்பது வருஷமா என் லைசென்ஸ்ல ஒரு கீறல் கிடையாது."

"வேனை விடுங்க! எங்களோட ஏறுங்க!"

"இப்படியே போட்டுட்டு எப்படி வர்றது? வேனோட துணிப் பந்தலை மடிச்சு, கேஸை மூடிட்டு நடந்தே வர்றேன். பத்து நிமிஷம்." மோர்லி நடுங்கிக்கொண்டிருந்தது. அதைத் தூக்கி அவள் மடியில் வைத்தார். "இவன் என்னவோ இன்னைக்குச் சரியில்ல. இவனைக் கூட்டிட்டுப் போங்க."

"பத்து நிமிஷம், ஈவால்ட்."

"ஜெர்மன் பத்து நிமிஷம்," என்று கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

மேட்டில் ஐந்து வேன்களும் வந்து சேர்ந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. மழை ஒரு துளி இல்லை. ஆனால் ஈர மண் வாசனை வந்தது. புதர்ப் பூச்சிகள் ஒரே நேரத்தில் வாயை மூடின. பிறகு, நூறு லாரிகளில் சரளையைக் கொட்டுவதுபோல மலைப்பக்கமிருந்து ஓர் இரைச்சல்.

"ஈவால்ட்!" தீனெக்கே விளிம்புக்கு ஓடினாள். எங்கார்னா அவள் இடுப்பைப் பிடித்து இழுத்தாள்.

கீழே பந்தல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பந்தலின் ஒரு பக்கம்தான் மடிந்திருந்தது. வளைவிலிருந்து வந்தது தண்ணீர் மாதிரியே இல்லை. ஆள் உயரத்துக்கு நாணலும் நுரையும் மரக்கட்டையுமாக ஒரு சுவர் நடந்து வந்தது. விளக்கு அணையவில்லை. எரிந்தபடியே நகர்ந்தது, முதலில் மெதுவாக, பிறகு வேகமாக, கடலைப் பார்த்து.

வீபே இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டு நின்றார். "தண்ணி இப்படி வராது," என்றார் யாரிடமோ. "இப்படி வராது."

எங்கார்னா அவசர எண்ணுக்குப் பேசினாள். மீட்புப் படகு கிளம்பிவிட்டதாகச் சொன்னார்கள். அதன்பிறகு பதிவேட்டைக் கொண்டுவந்தாள். "மன்னிச்சுக்கங்க தங்கம். யாரு மேல இருக்கா, யாரு இல்லன்னு அவங்க கேக்குறாங்க. எழுதியாகணும்."

தீனெக்கே ஒவ்வொரு பெயராகச் சொன்னாள். நாயின் உரிமையாளர் பெயரை மட்டும் எழுத்துக்கூட்டிச் சொன்னாள். எங்கார்னா அதைப் பதினொன்றாவது வரியில் எழுதி, அதற்கு எதிரே 'வந்த நேரம்' என்ற கட்டத்தைக் காலியாக விட்டாள். பிறகு அடியில் கோடு போட்டுக் கூட்டினாள்.

வேன்: ஆறில் ஐந்து. நாய்: ஒன்றுக்கு ஒன்று. ஆள்: பதினொன்றில் பத்து. வரவேண்டியது ஒருவர்.