துண்டுக்கடியில் பதினாறு ஆவர்த்தனம்

"மூணு ஆப்பராவும் சேத்து அஞ்சு திர்ஹம். எடுத்துக்குங்க பாய்."

சத்வாவில் முப்பது வருடமாகத் துணிக்கடை வைத்திருக்கும் கௌஸ் முகைதீன் இப்படியொரு பேரத்தைக் கண்டதில்லை. விற்பவர் இறக்குகிறார், வாங்குபவர் ஏற்ற வேண்டியிருக்கிறது! துபாயில் சலங்கை கட்டும் பிள்ளைகளெல்லாம் ஆடுவது எதிரே உட்கார்ந்திருக்கும் பாட்டு வாத்தியார் கௌரிசங்கரின் வர்ணங்களுக்குத்தான். ஆனால் மனிதர் உயிரைக் கொடுத்து எழுதியது இந்த மூன்று நோட்டுகளை. வசனமே இல்லாமல் முழுக்கப் பாட்டாக ஓடும் நாடகங்கள். அதைப் பற்றி யாரும் பேச்செடுப்பதில்லை.

"விசா கேன்சல் அடிச்சாச்சு. நாளைக்கு பிளைட்டு. முப்பது கிலோதான் விடுவான். நீங்க வேணாம்னா குப்பைத்தொட்டி."

"அந்தப் பேச்ச விடுங்க வாத்தியாரே. இதுல அந்த முத்து நாடகத்துக்கு ஜிப்பா தச்சவன் நான்."

தைத்தது மட்டுமா? யோசனையே கௌஸ் தந்ததுதான். அவருடைய பாட்டனார் கீழக்கரையில் முத்து வியாபாரி. துண்டுக்கடியில் விரலைப் பிடித்தே விலை பேசுவார்கள் என்று இவர் சொல்லப்போக, கௌரிசங்கர் அதைக் காட்சியாக்கிவிட்டார். பாட்டில்லை, மேளமில்லை. பதினாறு ஆவர்த்தனம், தாளம் பதினாறு சுற்று வரும்வரை, வெறும் மௌனம். 1998இல் ஒரு பள்ளிக்கூட ஹாலில் இருவருமே வியாபாரிகளாக உட்கார்ந்தார்கள். நாலாவது ஆவர்த்தனத்தில் நாடகம் முடிந்ததென்று ஜனம் கைதட்டியது. லைட்டைப் போட்டார்கள். பிரியாணிப் பொட்டலத்துக்கு வரிசை நின்றுவிட்டது. மற்ற இரண்டு நாடகங்களும் மேடையையே பார்க்கவில்லை.

"பாடாம உக்காந்தா ஜனம் வேற என்ன பண்ணும்? என் தப்பு பாய்."

"என்ன தப்பு? சோத்த முதல்லயே போட்டிருக்கணும்!"

கௌஸ் தோள் துண்டை எடுத்து மேசைமேல் விரித்தார். "விலைய வாயால சொல்லாதீங்க. கையக் குடுங்க."

கௌரிசங்கர் தயங்கித்தான் கையை நுழைத்தார். கௌஸ் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தார்: ஐந்நூறு. எதிர்க்கை உதறியது. மறுபடி ஐந்தையும் பிடித்து விட்டு, கூட ஒரு விரலைத் தனியாகப் பிடித்தார்: அறுநூறு. மறுபடி உதறல். உள்ளே துணி வெட்டிக்கொண்டிருந்த கடைத் தையற்காரர் ராஜிக், கத்தரியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். கைதட்டவில்லை, அதுவே போதும் என்றிருந்தது கௌஸுக்கு. அப்போதுதான் கௌரிசங்கரின் இடது கையைக் கவனித்தார். அது தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

தாளம் நின்றதும் துண்டுக்குள் பிடி தளர்ந்தது.

"எத்தனைக்கு முடிச்சீங்க?" கௌஸ் கேட்டார்.

"பன்னெண்டு."

"திர்ஹமா?"

"ஆவர்த்தனம்." கௌரிசங்கர் நோட்டுகளை அவர் பக்கம் தள்ளினார். "பத்திரமா வைங்க பாய். காசு வேணாம்."

கௌஸ் முத்து நாடகத்தைப் பிரித்து, அந்தக் காட்சியின் ஓரத்தில் கடைப் பேனாவால் எழுதினார்:

அன்று 4. இன்று 12. ஆக 16. கணக்கு நேர்.