அறுபது கிரேடு

ஊரே அவனை டாக்டர் என்றுதான் கூப்பிட்டது. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை எஞ்சின்மேல் ஊன்றி, பிடியைக் காதோடு ஒட்டிக் கண்ணை மூடிக்கொள்வான். இன்ன இடத்தில் கோளாறு என்று அவன் சொல்லிவிட்டால் அதற்குமேல் அப்பீல் கிடையாது. கைராசிக்கார மெக்கானிக்தான், இல்லையென்று யார் சொன்னது? தலைக்கனம் மட்டும் ஒரு பிடி கூடுதல்.

அன்று காலை இழுவை வண்டி ஒன்று அவன் ஒர்க்‌ஷாப்பில் ஒரு காரை இறக்கிவிட்டுப் போனது. முப்பது வருடத்துப் பழைய இரண்டு கதவுக் கார், வேகத்துக்கென்றே செய்த எஞ்சின். அவனுடைய அண்ணனின் கார். ஆறு மாதத்துக்கு முன் ஒரு மழை நாளில், பாலத்தின் நடுவே எஞ்சின் இறுகிப்போய்ச் சட்டென்று நின்றது. பின்னால் வந்த லாரி நிற்கவில்லை. அண்ணன் அங்கேயே போய்விட்டார். சொந்தபந்தம் எல்லாம் லாரிக்காரனைக் கரித்துக்கொட்டியது. டாக்டரும் கூடச் சேர்ந்துதான் கொட்டினான்.

இழுவை வண்டியிலேயே வந்திருந்த அண்ணி, மூலையில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"பின்பக்கமெல்லாம் நம்ம வீட்டு ஷெட்டுலயே வச்சுத் தட்டி நிமித்தியாச்சு தம்பி. ஆயிலை மாத்தி ஸ்டார்ட் பண்ணிக் குடுங்க. அப்பா கார்லதான் காலேஜுக்குப் போவேன்னு மக ஒத்தக்கால்ல நிக்கிறா. நாளைக்கே வேணுமாம்."

"எந்த ஆயில் போடட்டும் அண்ணி?"

"என்னைக் கேக்குறீங்க! அவருக்குக் கடைசியா எதை ஊத்துனீங்களோ அதையே ஊத்துங்க."

அலமாரியில் இரண்டு டப்பாக்கள் இருந்தன. நாற்பது கிரேடு, கம்பெனிப் புத்தகம் சொன்னது. தண்ணீராக ஓடி, எஞ்சினுக்குள் இருக்கும் இண்டு இடுக்குக்கெல்லாம் உடனே போய்ச் சேரும். இன்னொன்று அறுபது. தேன் மாதிரி கெட்டி. உள்ளே பேரிங் தேய்ந்து தட்டினாலும் சத்தம் வெளியே வராமல் அமுக்கிவிடும். பேரிங் தேய்வது மட்டும் நிற்காது; ஒருநாள் எஞ்சினே இறுகிப்போகும்.

அந்த எஞ்சினைப் பிரித்துப் பேரிங் மாற்றியவன் டாக்டர்தான். மூன்றே மாதத்தில் அது தட்ட ஆரம்பித்தது. தன் கைவேலை தப்பிவிட்டது என்று அண்ணனிடம் சொல்ல மானம் இடம் கொடுக்கவில்லை. அறுபதை ஊற்றினான். சத்தம் அடங்கியது. "கைன்னா இது கைடா!" என்று அண்ணன் முதுகில் தட்டிவிட்டுப் போனார். போனவர்தான்.

டாக்டர் காருக்கு அடியில் படுத்து, பழைய ஆயிலை இறக்க போல்ட்டைக் கழற்றினான். ஆயில் கையில் வழிந்ததும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

சுட்டது. ஆறு மாதமாக ஸ்டார்ட்டே செய்யாத வண்டி, இப்போதுதான் நெடுந்தூரம் ஓடிவந்து நின்றதுபோல் சுட்டது. தட்டில் விழுந்த ஆயிலில் பேரிங் துகள் மினுமினுத்தது.

வெளியே வந்து, யாரும் சொல்லாமலே ஸ்க்ரூ டிரைவரை எடுத்து எஞ்சின்மேல் ஊன்றினான். சாவி அண்ணியின் கைப்பையில் இருந்தது. பேட்டரி கழற்றி வைத்திருந்தது. காதில் கேட்டது.

டக் டக்... டக்.

வீட்டுக் கதவானாலும் ஒர்க்‌ஷாப் ஷட்டரானாலும் அண்ணன் அப்படித்தான் தட்டுவார். இரண்டு வேகமாக, ஒன்று சற்றுத் தள்ளி.

வேண்டாத நினைப்பு என்று தலையை உதறினான். அன்று இறுகிய எஞ்சின் இதற்குள் இளகியிருக்கும், அறுபதை எடுத்து ஊற்றிவிட்டால் சத்தம் ஒழியும். மகள் இரண்டு நாள் ஓட்டட்டும், பிறகு ஏதாவது சாக்குச் சொல்லி வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம். போன தடவையும் இதையேதான் நினைத்தான். டப்பாவின் மூடியைத் திருகினான்.

டக் டக்... டக்.

இந்தத் தடவை ஸ்க்ரூ டிரைவர் மேசைமேல் கிடந்தது. வெறும் காதிலேயே கேட்டது.

டப்பாவைக் கீழே வைத்தான்.

"அண்ணி, இந்தக் கார் பாப்பாவுக்கு வேண்டாம். லாரிக்காரன் மேல தப்பில்ல. நான் போட்ட பேரிங் சரியில்ல. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் கெட்டி ஆயிலை ஊத்தி மறைச்சேன். அண்ணனை நான்தான்..." தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதான்.

அண்ணி எழுந்து வந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, அவன் செய்வதைப் போலவே எஞ்சின்மேல் ஊன்றிக் காதை வைத்தாள்.

"நின்னுடுச்சு" என்றாள்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தான்.

"ஆறு மாசமா தினம் விடிஞ்சதும் கார் ஷெட்டுல தட்டுற சத்தம் கேக்கும். என்னைத்தான் கூப்பிடுறார்னு ஓடி ஓடிப்போய்க் கதவைத் தொறந்தேன்." ஸ்க்ரூ டிரைவரை அவன் மடியில் போட்டாள். "உங்களைக் கூப்பிட்டிருக்கார்."