தொட்டால் கூடும் கணக்கு

என் தங்கை தன் குழந்தையைத் தூக்கக் கூடாதாம். தடை போட்டவர் எங்கள் பெரிய டாக்டர். அதே வார்டில் நானும் ஒரு டாக்டர், பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

குறைமாதக் குழந்தை. இதயத் துடிப்பை வைத்தே பச்சைக் குழந்தை எவ்வளவு ஆக்சிஜன் செலவழிக்கிறது என்று சொல்லிவிடலாம் என்பது அவருடைய ஆராய்ச்சி. சொல்லலாம்தான். ஆனால் முதலில் அந்தந்தக் குழந்தையின் தலைமேல் கண்ணாடிக் கூடு கவிழ்த்து, மூச்சை நேரடியாக அளந்து, துடிப்போடு பொருத்திப் பார்க்க வேண்டும். அதற்கெல்லாம் அவருக்குப் பொறுமை ஏது? ஊரார் குழந்தைகளின் கணக்கைத் தூக்கி எங்கள் குழந்தையின் தலையில் கட்டிவிட்டார்.

தங்கை நெஞ்சோடு அணைக்கும்போதெல்லாம் துடிப்பு எகிறியது.

"அம்மா தொட்டா ஆக்சிஜன் செலவு கூடுது. அப்புறம் எடை எப்படி ஏறும்?" என்றார், அவள் காதுபடவே.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சார், மூச்சு நின்னுடக் கூடாதுன்னு குழந்தைக்குக் காஃபின் மருந்து குடுக்கிறோம். அதுவே துடிப்பை ஏத்தும். அதைக் குடுத்த கையோடதான் இவளை உள்ள விடுறோம்."

"தங்கச்சிக்கு வக்காலத்தா?"

"ஆமா சார். அளந்து பாத்துட்டுத் தடை போடுங்க."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். நான் விடவில்லை. மூலையில் தூசி படிந்து கிடந்த கண்ணாடிக் கூட்டைத் துடைத்துக் கொண்டுவந்து, மருந்துக்கு முன்னும் பின்னும் நானே அளந்தேன். துடிப்பு எகிறியது. ஆக்சிஜன் செலவு ஏதோ கொஞ்சம்தான் கூடியது. எகிறியது மருந்தால்தான்; அப்போது தங்கை பக்கத்திலேயே இல்லை!

அளந்ததைப் பெரிய டாக்டரிடம் காட்டினேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "சரி, தடையை எடுத்துடுங்க" என்றார். ஒரு வருத்தம் கிடையாது, ஒன்றும் கிடையாது.

தங்கையிடம் ஓடினேன். "வாடி, வந்து தூக்கு."

அவள் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டாள். "வேண்டாங்கா. நான் தொட்டா அவ இளைச்சுடுவா."

"அது தப்புக் கணக்குடி!"

"தப்பா இருந்தா அவ்வளவு பெரியவர் சொல்வாரா?"

குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள் வாயைத் திறந்து திறந்து மூடியது. அவள் ஓரடி பின்னால் நகர்ந்தாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. பெரிய டாக்டரின் அறைக்கதவைத் தட்டாமலே திறந்தேன்.

"எழுந்து வாங்க சார். தொட்டா ஒண்ணும் ஆகாதுன்னு நீங்களே அவகிட்ட சொல்லுங்க."

அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"அதான் தடையை எடுத்தாச்சேம்மா. இன்னும் என்ன?"