தாட்சாயணி துலக்கிய கல்

கோவர்த்தனனுக்கு மலைப் பைத்தியம். எங்கள் பக்கம் சீட்டுப் பைத்தியமும் கோழிச்சண்டைப் பைத்தியமும் உண்டு; அவற்றிலாவது என்றைக்காவது கையில் ஏதேனும் வந்து விழும். இவன் வேர்க்கடலைக் கொல்லையில் வேலை இல்லாத நாளெல்லாம் நகரி மலை ஏறி, புதரை விலக்கி, பழைய எழுத்து தேடிப் பாறை பாறையாகத் தடவிவிட்டு, முழங்கால் சிராய்ப்போடு என் நூல் கடையில் வந்து உட்காருவான்.

"இன்னாடா, இன்னிக்கு எந்த ராசா மாட்னான்?" என்பேன்.

"சிரிடா சிரி. உனக்கு நூல் மூட்டையத் தாண்டி இன்னா தெரியும்?"

நகரி மலை மூக்குப் போல நீட்டிக்கொண்டிருக்கும். கடலில் போகிறவர்கள்கூட அதை அடையாளம் வைப்பார்களாம். அந்த மூக்குக்குக் கீழே ஒரு சுனையோரம் அவனுக்கு ஒரு கல் அகப்பட்டது. தேய்ந்துபோன பழைய தமிழ் எழுத்து. வெயில் சாய்கிறபோது மட்டும் பிடிபடும். எங்கள் ஊர்ப் பெயரும், ஊர் ஏரிக்கு யாரோ நிலம் விட்ட செய்தியும் அதில் இருந்தன.

சித்தூர் ஜில்லாவோடு நாங்களும் புது ஆந்திராவில் சேர்ந்திருந்த சமயம். எல்லையைத் திருத்தப்போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. எனக்கென்ன, காலையில் தெலுங்கில் பேரம் பேசி மாலையில் தமிழில் முடிக்கிறவன். எந்த ராஜ்யத்திலும் நூல் நூல்தான். கோவர்த்தனனுக்கு அப்படி இல்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார் போனபின் வேறு ஆள் வரவில்லை. அவன் மகள் பலகையில் தெலுங்கு எழுதி வந்து காட்டினாள். அவனுக்கு ஒரு எழுத்தும் தெரியாது. அன்றிலிருந்து அந்தக் கல்தான் அவனுக்கு எல்லாம். ஊர் மதராஸ் பக்கம் போனால் பெண் தமிழ் படிக்கும். ஊர் போவதற்குக் கல் பேச வேண்டும்.

"எழுத்துதான் மங்கலா கீது. பளிச்சுனு தெரிஞ்சா போதும், ஜெயிச்சுடுவோம்" என்று வீட்டில் ஓயாமல் புலம்பினான்.

எல்லை மனுவுக்குச் சான்று சேர்த்துக்கொண்டிருந்தவர்கள், கல்வெட்டு படிக்கத் தெரிந்த பாலசுந்தரம் என்பவரைப் பட்டணத்திலிருந்து அனுப்புவதாகச் சொன்னார்கள். கோவர்த்தனன் புத்தூர், வடமாலபேட்டை வழியாகத் திருப்பதிக்கு நடந்தே போய், கல்லுக்காக முடி இறக்கிவிட்டு வந்தான்.

"பெருமாளுக்கே முன்பணமா?" என்றேன். மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

பாலசுந்தரத்தை ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்தோம். கோவர்த்தனன் மனைவி தாட்சாயணி புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள். அவள் முகத்தில் அடக்க முடியாத குஷி.

"போய்ப் பாரு மாமா. இந்த வாட்டி நல்லாத் தெரியும்."

திருப்பதி சாமியை நம்பிச் சொல்கிறாள் என்று நினைத்தோம்.

மலை ஏறினோம். குடையும் தொந்தியுமாக நான் கடைசியில் போய்ச் சேர்ந்தபோது இருவரும் கல்லின் முன்னால் நின்றிருந்தார்கள். ஒவ்வொரு எழுத்தும் வெள்ளை வெளேரென்று, புதிதாகக் கொத்திய அம்மி போல மின்னியது. தேய்ந்து போயிருந்த இடங்களில் கொத்தியவன் தன் இஷ்டத்துக்குக் கோடு இழுத்திருந்தான். பள்ளங்களில் தவிடு ஒட்டியிருக்க, எறும்பு ஊர்ந்தது. உச்சியில் மஞ்சள் தடவிக் குங்குமப் பொட்டு.

அம்மி கொத்தினால் தவிடு போட்டுத் தேய்த்துக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்துத்தான் எங்கள் பெண்கள் அரைக்கத் தொடங்குவார்கள். கோவர்த்தனன் அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பாலசுந்தரம் விரலால் தொட்டார். வெள்ளைப் பொடி ஒட்டியது. "யார் கொத்தினது இது?"

"நான்தான் சார்" என்றான் கோவர்த்தனன்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "மேலதான் சார் புதுசு. அடியில பழைய எழுத்து அப்படியே இருக்கு. பக்கத்து ஊரெல்லாம் சாட்சி சொல்லும்..." என்று எத்தனையோ பேரை மடக்கிய குரலில் ஆரம்பித்தேன்.

"அடியில இருந்ததை இனிமே யார் பார்க்கிறது?" என்றார் அவர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "இதை மனுவில் சேர்த்தா, உண்மையான சான்றையும் கள்ளம்னு தள்ளிடுவாங்க. ஏன்யா இப்படிப் பண்ணினீங்க?"

"தெளிவாத் தெரியட்டும்னு சார்."

இறங்கும்போது என் தோளைப் பிடித்து நிறுத்தினான். "தாட்சாயணி கிட்ட வாயத் தொறந்தே, அத்தோட நம்ம சிநேகிதம் சரி."

அவள் வாசலிலேயே நின்றிருந்தாள். "தெரிஞ்சுதா மாமா?"

"கண்ணாடி மாதிரி தெரிஞ்சுது. யார் வேல இது?"

"நாந்தான்! நீ திருப்பதி போய்க்கினு இருந்தியா, அம்மி கொத்துற முனியப்பன இட்டுக்கினு போனேன். வர மாட்டேன்னான், கோழி அடிச்சுப் போட்டுல்ல கூட்டிப்போனேன்! தவிட்டப் போட்டு நானே தேச்சேன். பாரு." உள்ளங்கையை விரித்தாள். கொப்புளங்கள் உடைந்திருந்தன.

கோவர்த்தனன் அந்தக் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான். "நல்லாத் தேச்சிருக்கே" என்றான். எனக்குத் தண்ணீர் வேண்டும் என்று சொல்லிக் கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.

கடைசியில் எல்லை முடிவானபோது திருத்தணி மதராஸ் பக்கம் போயிற்று. நாங்கள் ஆந்திராவிலேயே நின்றோம். அந்த ஒரு கல்லால் அது மாறியிருக்குமா என்று எனக்குத் தெரியாது. கோவர்த்தனனிடம் அதைக் கேட்கிற தைரியமும் இல்லை.

"அவ்ளோ பளிச்சுனு இருந்தும் ஒத்துக்கலியே அண்ணா! அந்த ஆளுக்குக் கண்ணு இல்லியா?" என்று தாட்சாயணி என்னிடம் அழுதாள். இத்துப்போன நூலைப் பட்டு என்று விற்றிருக்கிறேன். அன்றைக்கு ஒரு பொய்யும் வாயில் வரவில்லை.

கோவர்த்தனன் மலை ஏறுவதை நிறுத்திவிட்டான். கேட்டால் முழங்கால் வலி என்பான். அவள்தான் பொங்கலுக்குப் பொங்கல் ஏறி, கல்லைக் கழுவிக் குங்குமம் வைத்துவிட்டு வருவாள். போன பொங்கலன்று நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். மகள் மூலையில் உட்கார்ந்து தெலுங்குப் பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். தாட்சாயணி மூச்சு வாங்க உள்ளே வந்தாள்.

"ஒரு எழுத்துகூட அழியல மாமா. அப்டியே கீது."

"அழியாது" என்றான் கோவர்த்தனன். கடலை உரிப்பதிலிருந்து தலை நிமிரவில்லை.