நீல டிரம்மில் எழுதியிருந்தது

விடிந்தும் விடியாத நேரத்தில் குழாயைத் திறந்தால் முதல் தண்ணீர் ஊசியாய்க் குத்தும். அந்தத் தண்ணீரில் கை விறைக்க விறைக்க நாங்கள் இருபது பேர் பழைய டிரம் கழுவுகிறோம். தொழிற்சாலைகள் காலி செய்த பிளாஸ்டிக் டிரம்கள் லாரி லாரியாக வரும். உள்ளே ஒட்டியிருக்கும் மிச்சத்தைக் கழுவித் தேய்த்துக் கவிழ்த்து வைத்தால், முதலாளி அதைப் புதிது போல விற்பார். மதியத்துக்குள் ஆளுக்கு முப்பது. இடுப்பு கழன்றுவிடும். நகக்கண்ணில் ஏறிய வாடை குளித்தாலும் போகாது. "நீ வர்றதுக்கு முன்னாடி டிரம் வந்துடுது" என்று என் புருஷன் கேலி செய்வார்.

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. நீல டிரம் என்றால் சோப்பு எண்ணெய். நேரே தண்ணீர் விடலாம். கறுப்பு என்றால் அமிலம். தள்ளி வைக்க வேண்டும், கையுறை போட்டவர்கள் பிறகு பார்ப்பார்கள். அதற்கும் மேல் மேஸ்திரி இருந்தார். தினமும் காலையில் வரிசையாக நடந்து, ஒவ்வொரு டிரம்மிலும் குனிந்து, ஒட்டியிருக்கும் சீட்டின் மேல் விரலை ஓட்டி, உதடு அசைய வாசித்துவிட்டு "கழுவு" என்பார், இல்லை "தள்ளி வை" என்பார். சட்டைப்பையில் மூக்குக் கண்ணாடி, பக்கத்தில் பேனா. இந்தக் கொட்டகையில் எழுத்துத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்று எங்களுக்கு அவர் மேல் தனி மரியாதை.

அன்று வந்த லோடு முழுக்க நீலம். மேஸ்திரி குனிந்தார், விரலை ஓட்டினார், "கழுவு" என்றார். எனக்கு ஜோடியாக வேலை செய்யும் என் அண்ணி குழாயை உள்ளே விட்டார். உஸ்ஸென்று ஒரு சத்தம். டிரம் பொங்கி அண்ணியின் முகத்தில் அடித்தது. அவர் கத்தக்கூட இல்லை. கையைத் துழாவி என்னைத் தேடினார். அவரைக் குழாயடியில் படுக்க வைத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டேன்.

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவனைப் பார்த்து ஊர் சிரிக்கும். நீலமெல்லாம் சோப்பு என்று நம்பிய எங்கள் அண்ணி ஆஸ்பத்திரியில் கிடந்தார். "பத்து நாள் போகட்டும். கட்டைப் பிரிச்சாத்தான் வலது கண்ணைப் பத்திச் சொல்ல முடியும்" என்றார் டாக்டர்.

மூன்றாம் நாள் முதலாளி ஒரு தாளோடு வந்தார்.

"நாளைக்குக் காலையில விசாரணைக்கு அதிகாரி வர்றாரு. எல்லாரும் இதுல ஒரு விரல் வச்சுடுங்க. வேலையைப் பாக்கலாம்."

"என்ன எழுதியிருக்குங்க?" என்று கேட்டேன்.

"நடந்ததைத்தாம்மா எழுதியிருக்கு. வேற என்ன எழுதுவாங்க?"

"அதை வாசிச்சுக் காட்டினா விரல் வைக்கிறோம்."

முதலாளி சிரித்தார். "என் மேல நம்பிக்கை இல்லைன்னா உங்க மேஸ்திரியே வாசிக்கட்டும். இந்தாய்யா. சாயங்காலத்துக்குள்ள எல்லார் விரலும் விழுந்திருக்கணும்."

அவர் போனதும் மேஸ்திரி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். உதடு அசைந்தது. "சரியாத்தான் இருக்கு" என்றார்.

"எங்க அண்ணி பேரு எங்கண்ணே இருக்கு?"

மேல் வரியில் ஓர் இடத்தைத் தொட்டார். எனக்கு மனசு ஒப்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, வேலையோடு வேலையாக, "அண்ணே, இன்னொரு தடவை காட்டுங்களேன்" என்றேன். இந்தத் தடவை அவர் விரல் தாளின் கடைசி வரியில் போய் நின்றது.

அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. ஒரு டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்குப் படிக்கத் தெரியாதும்மா. பதினாலு வருஷமா நிறத்தைப் பாத்துத்தான் சொல்லிட்டிருந்தேன். சேத்த அன்னைக்கே முதலாளிக்குத் தெரியும். 'படிச்சவன் வந்தா நூறு கேள்வி கேப்பான். நீ படிக்கிற மாதிரி இரு, போதும்'னாரு. பேனா அவர் வாங்கிக் குடுத்தது."

அண்ணி கண்ணில் கட்டோடு கிடக்க, இந்த ஆள் உதட்டை அசைத்து நாடகம் போட்டிருக்கிறார். கையை ஓங்கிவிட்டேன். என்னோடு வேலை பார்க்கும் நெட்டையக்கா பிடித்துக்கொண்டார்.

"அவரை அடிச்சா முதலாளிக்குத்தான் கொண்டாட்டம். கொஞ்சம் பொறு."

பொறுக்க முடியவில்லை. ஆனால் ஒன்று நினைவுக்கு வந்தது. முந்தாநாள் ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒரு தாளை நீட்டியபோது, "கண்ணாடி எடுத்துட்டு வரலைங்க" என்று நானும்தான் சொன்னேன். எனக்குக் கண்ணாடியே கிடையாது. படிக்கத் தெரியாது என்று சொல்ல மானம் போகிறதே என்று நானும் நாடகம் போட்டவள்தான். ஓங்கிய கை தானாக இறங்கியது.

லோடு ஏற்ற வந்த லாரி டிரைவரிடம் தாளைக் கொடுத்தோம். அவர் ஒவ்வொரு வரியாக வாசித்தார். "சீட்டைப் படித்த பிறகே டிரம்மைக் கழுவ வேண்டும் என்ற அறிவிப்பை நாங்கள் அனைவரும் படித்துப் புரிந்துகொண்டோம். அந்தப் பெண் படிக்காமல் கழுவியது அவருடைய கவனக்குறைவே." விரல் விழுந்தால் அண்ணிக்கு முதலாளி செலவில் வைத்தியமும் கிடையாது, இனி வேலையும் கிடையாது. பழி மட்டும் அவருக்கு.

"அறிவிப்பா? எங்க இருக்கு?" என்றார் நெட்டையக்கா.

டிரைவர் சுவரைக் காட்டினார். நாங்கள் தினமும் சாப்பாட்டுப் பை மாட்டுகிற பலகை. ஆறு வருஷமாக அதில் பை மாட்டுகிறேன். எங்களைக் காப்பாற்ற எழுதினார்களாம், எங்களால் படிக்கவே முடியாத எழுத்தில். அந்த நீல டிரம்மில் என்ன எழுதியிருக்கிறது என்றும் கேட்டோம். "அமிலம், தண்ணி படக்கூடாதுன்னு இருக்கும்மா. பெரிய எழுத்துலதான் போட்டிருக்கான்" என்றார். எங்களோடு டிரம் கழுவும் வயதான அம்மா ஒருவர் அழுதார்.

அன்று சாயங்காலம் தாளில் ஒரு விரலும் விழவில்லை.

மறுநாள் அதிகாரி வந்து மேசை போட்டு உட்கார்ந்தார். முதலாளி முந்திக்கொண்டார். "எல்லாருமே அறிவிப்பைப் படிச்சவங்கதான் சார். நீங்களே கேளுங்க."

"படிச்சீங்களா?" என்றார் அதிகாரி.

மேஸ்திரி முன்னே வந்தார்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. தெரியாதவன்னு தெரிஞ்சேதான் என்னை இந்த வேலையில வச்சாங்க. அந்த டிரம்மைக் கழுவச் சொன்னது நான்தான்."

"யோவ், வேலை வேண்டாமா உனக்கு?" என்றார் முதலாளி.

"வேணுந்தாங்க. அந்தப் பிள்ளைக்குக் கண்ணும் வேணும்."

நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். "எனக்கும் படிக்கத் தெரியாதுங்க." பிறந்ததிலிருந்து மறைத்த வார்த்தை, சொன்னதும் மூச்சு லேசாக வந்தது. நெட்டையக்கா சொன்னார். குழாயைத் திறந்துவிடும் பெரியவர் சொன்னார். ஒவ்வொருவராக முன்னே வந்து, தலை குனியாமல் சொன்னார்கள். பத்தொன்பது பேர்.

"கேட்டை இழுத்துப் பூட்டிடுவேன்" என்றார் முதலாளி.

"பூட்டுங்க, வெளியில உக்காருறோம். அண்ணிக்கு வைத்தியம் பாக்கணும். படிக்கத் தெரிஞ்சவர் ஒருத்தர் சீட்டை வாசிச்சுச் சொல்லாம இனி குழாயைத் தொட மாட்டோம். தினம் ஒரு மணி நேரம், வேலை நேரத்துலயே, எங்களுக்கு எழுத்துச் சொல்லிக் குடுக்கணும்" என்றேன்.

"இந்த வயசுல படிச்சு என்ன கலெக்டராகப் போறீங்களா?"

"டிரம் கழுவப் போறோம்" என்றார் நெட்டையக்கா. "கண்ணோட."

முதலாளி எழுந்து வெளியே போனார். பூட்டை எடுத்துவரச் சொல்லும் குரல் கேட்டது. அதிகாரி எங்கள் முகத்தைப் பார்க்காமல் ஏதோ எழுதினார். நல்லதா கெட்டதா, யாருக்குத் தெரியும்? எழுதி முடித்துத் தாளையும் மைப்பெட்டியையும் எங்கள் பக்கம் தள்ளினார்.

மேஸ்திரியின் கை பழக்கத்தில் மைப்பெட்டிப் பக்கம் போனது. பாதியில் நின்று திரும்பியது. நாங்கள் எல்லோரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டோம்.

"வாசிச்சுக் காட்டுங்க சார்" என்றேன்.

அவர் வாசிக்க ஆரம்பித்தார். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"மெதுவா வாசிங்க. நாங்க இருபது பேரு கேக்கணும். ஒருத்தங்க ஆஸ்பத்திரியில இருக்காங்க, அவங்ககிட்டப் போய்ச் சொல்லணும்."