ஒன்பது நூற்றாண்டு வறட்சி

துறைத்தலைவர் தோத்தாத்ரி 1975 ஏப்ரலில் ஓய்வு பெறுவார். நிலவியல் துறையில் அந்த நாற்காலிக்கு இரண்டு பேர் இருந்தார்கள். லாசரஸ் ஏற்கெனவே ஒரு கட்டுரை அச்சிட்டிருந்தார், பாலாறு கடலில் சேரும் இடத்துச் சேற்றைப் பற்றி. வில்பிரட் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பாடம் நடத்தியிருந்தார். தாம்பரத்தில் அந்தக் கல்லூரியில் அதை யாரும் ஒரு தகுதியாகச் சொன்னதில்லை.

ஆகவே வில்பிரட்டும் சேற்றில் இறங்கினார்.

கொள்கை எளிது. மழை வலுத்தால் ஆறு மணலைக் கடல்வரை தள்ளிக்கொண்டு வரும். மழை குறைந்தால் மெல்லிய களிதான் வந்து சேரும். கடலடியில் அடுக்கடுக்காகப் படிந்ததை எடுத்து மணல் எவ்வளவு, களி எவ்வளவு என்று பார்த்தால் நாலாயிரம் ஆண்டு மழை தெரியும். அதற்குக் கப்பல் வேண்டும். கப்பல் டெல்லியில் ஆளைத் தெரிந்தவர்களுக்குக் கிடைத்தது. வில்பிரட்டுக்குத் தெரிந்தவள் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் முத்தாலம்மாள்.

அவள் கணவன் எத்திராஜ் கோவளத்தில் கட்டுமரம் வைத்திருந்தான். 1974 மார்ச்சில், கழுத்தளவுக் கடலில், அவனும் நான்கு பேரும் பத்தடி இரும்புக் குழாயை அடித்து இறக்கிப் பிடுங்கினார்கள். வில்பிரட் கரையில் குடை பிடித்து ஆய்வுக்குத் தலைமை தாங்கினார். பிறகு தேர்வு வேலை வந்துவிட்டது. குழாயிலிருந்து சேற்றைத் தள்ளி, நாலு விரற்கடைக்கு ஒரு துண்டாக நறுக்கி, எண் எழுதிய சீட்டோடு பிளாஸ்டிக் பையில் கட்டும் பொறுப்பை எத்திராஜிடம் விட்டார். ஒரு துண்டு, நூறு ஆண்டு. மொத்தம் நாற்பது.

மீன்கூடையோடு நாளுக்கு ஒரு பைதான் சுமக்க முடியும் என்றாள் முத்தாலம்மாள். நாற்பது நாளில் நாலாயிரம் ஆண்டு பஸ்ஸில் தாம்பரம் வந்து சேர்ந்தது.

சில பைகள் பெரியவை, பல சிறியவை. அதற்கும் வில்பிரட்டிடம் ஒரு விளக்கம் இருந்தது; இரண்டு பக்கம் எழுதினார். முடிவு அதைவிட அழகாக வந்தது. எங்கும் மணல், பெருமழை. நடுவில் பதினேழாம் துண்டு முதல் இருபத்தைந்தாம் துண்டுவரை மட்டும் களி ஏராளம். ஒன்பது நூற்றாண்டு வறட்சி. நாடுகள் அழிந்திருக்க வேண்டும். எந்த நாடுகள் என்பதை வரலாற்றுத் துறையிடம் விட்டுவிட்டார்.

ஹைதராபாத் கருத்தரங்கில் பன்னிரண்டு நிமிடம் கொடுத்தார்கள். கட்டுரை அச்சாகும் என்றார்கள். நாற்காலி ஏறக்குறைய வந்துவிட்டது.

ஜனவரியில், ஹைதராபாத்துக்கு ரயில் ஏறும் நாள் காலை, முத்தாலம்மாள் வஞ்சிரத்தோடு வந்தாள். வில்பிரட் கூடத்தில் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"ஊருக்குப் போறியாமே சார். அக்கா சொல்லிச்சு. நல்ல பேரு வாங்கினு வா."

"உன் உதவிதாம்மா எல்லாம்."

"ஒண்ணு சொல்லணும். கோச்சிக்காதே."

"சொல்லு."

"அந்த ஒம்போது நாளு மனசே கேக்கல சார். அப்டியே குட்த்துட்டேன்."

"எதை?"

"மண்ணத்தான். மோட்டாரு எரிஞ்சிபோச்சே, தெருக்கொயாயில சொட்டுத் தண்ணி இல்ல. கய்வாம எப்டி குடுக்கறதுன்னு பாத்தேன். இன்னா பண்றது?"

வில்பிரட் சுருட்டுவதை நிறுத்தினார். "மற்ற நாளெல்லாம்?"

"நல்லா அலசிட்டுத்தான் குட்த்தேன். கலங்கலா வரும் சார், நாத்தம் வேற. தண்ணி தெளிஞ்சி மணலு மட்டும் நிக்கற வரிக்கும் ஊத்துவேன். மீனே கய்வாம இந்த வூட்ல குட்த்ததில்ல. வாத்தியார் கையில சேத்தையா குடுப்பேன்?"

அவர் குறிப்பேட்டைத் திறந்தார். பைகள் வந்த தேதிகள் இருந்தன. பதினேழு, ஏப்ரல் ஆறு. இருபத்தைந்து, ஏப்ரல் பதினான்கு. ஏப்ரல் பதினைந்தாம் தேதி கோவளம் பஞ்சாயத்து மோட்டாரைச் சரிசெய்தது. அன்றே பழங்காலத்திலும் மழை தொடங்கியிருந்தது.

"கோவமா சார்?"

"இல்லம்மா. ரொம்ப சுத்தமா கொடுத்திருக்கே."

அவள் மகிழ்ச்சியோடு போனாள்.

மனைவி ஞானஜோதி உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"யாருக்குத் தெரியப் போகுது? முத்தாலம்மா ஹைதராபாத் வந்து சாட்சி சொல்லுவாளா?"

"எனக்குத் தெரியுமே."

"உங்களுக்கு எவ்வளவோ தெரியும். இருபத்திரண்டு வருஷமா யாரு கேட்டா? பேசாம படிச்சிட்டு வாங்க. ஏப்ரல்ல லாசரஸுக்கு நீங்க குட்மார்னிங் சொல்றதை என்னால பார்க்க முடியாது."

பெட்டியில் இடம் மிச்சமானது. வரைபடத்தை அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

ஹைதராபாத்தில் அவர் பேசியது நான்கு நிமிடம். கழுவாத துண்டுகள் ஒன்பது. ஒன்பதிலும் மணலுக்கும் களிக்கும் உள்ள விகிதம் ஏறக்குறைய ஒன்றுதான். அந்த ஒன்பது நூற்றாண்டில் மழை பெரிதாகக் கூடவுமில்லை, குறையவுமில்லை. வறட்சி என்று சொல்ல ஒப்பிட வேறொன்றும் கையில் இல்லை. மீதி முப்பத்தொன்றையும் ஒரு மீன்காரி நல்லெண்ணத்தோடு கழுவிவிட்டாள்.

அரங்கம் சிரித்தது. மூன்று நாள் கருத்தரங்கில் அதுதான் முதல் சிரிப்பு. உணவு இடைவேளை முன்கூட்டியே வந்ததற்காக அவைத்தலைவர் அவருக்குத் தனியாக நன்றி சொன்னார்.

சாப்பாட்டு வரிசையில் இரண்டு பேர் தனித்தனியாக அவர் பக்கம் வந்தார்கள். ஒருவர் விசாகப்பட்டினம், ஒருவர் கொச்சி. எப்படித் தெரியவந்தது என்று தாழ்ந்த குரலில் கேட்டார்கள். அவளாகச் சொன்னாள் என்றார். இருவரும் அதற்குப் பிறகு சரியாகச் சாப்பிடவில்லை.

கட்டுரை தொகுப்பில் சேரவில்லை. குறிப்பிடத்தக்க முடிவு எதுவும் இல்லை என்று கடிதம் வந்தது. தோத்தாத்ரி அதைப் படித்துவிட்டு மேசையில் வைத்தார்.

"ஒண்ணும் நடக்கலேன்னு சொல்ல ஹைதராபாத் வரைக்கும் போகணுமா வில்பிரட்? ஸ்டாஃப் ரூம்லயே சொல்லியிருக்கலாமே."

"டிக்கெட் வாங்கிட்டேன் சார்."

"லாசரஸ் பேரைத்தான் எழுதி அனுப்பியிருக்கேன். அவர் பேப்பர்ல மூணு வெள்ளம் இருக்கு."

"அவருக்குச் சேற்றை யார் கொண்டுவந்தாங்க சார்?"

தோத்தாத்ரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் கேக்கலை. நீயும் கேக்காதே. மூணு வெள்ளமும் அப்படியே இருக்கட்டும்."